அந்த ஒன்றரை மணி நேரம்

என் அப்பாவுக்கு வேண்டாம் என்று சொல்ல வராது. அது பெரிய நல்ல குணம் என்று ஊரே கொண்டாடும். எனக்கு எரிச்சலாக வரும். மூன்று வீட்டில் காபி கொடுத்தால் மூன்றையும் குடித்துவிட்டு வந்து, நெஞ்சு எரிகிறது என்று படுப்பார். யார் தோட்டத்துக்குத் தக்காளி ஏற்ற டெம்போ வந்தாலும் தூக்கிவிட இவர் போய் நிற்பார். எங்கள் பழம் செடியிலேயே வெடித்துக் கிடக்கும். மாரண்டஹள்ளிப் பக்கம் எங்கள் ஊரில் அவரைப் பிடிக்காத ஆள் கிடையாது.

அந்தப் பிரியம்தான் அவரைக் கொன்றது. இப்படிச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

காலை எட்டு மணி இருக்கும். தோட்டத்திலிருந்து காலை இழுத்துக்கொண்டு வந்தார். "பூச்சி கடிச்சிருச்சு கண்ணு" என்றார். பாம்பைப் பெயர் சொல்லாமல் பூச்சி என்பதுதான் எங்கள் வழக்கம். கணுக்காலில் இரண்டு பல் தடம். பழம் பறிக்கக் குனிந்தபோது கண்ணாடி விரியன் போட்டிருக்கிறது.

நான் ஸ்கூட்டரை எடுத்தேன். பாலக்கோடு ஆஸ்பத்திரி அரை மணி நேரம். அதற்குள் வாசல் நிறைய ஆட்கள். அப்பாவின் பங்காளி ஒருவர், எனக்குச் சித்தப்பா முறை, "வண்டியில குலுங்குனா வெசம் தலைக்கு ஏறிரும்மா. பச்சிலை கொண்டாறேன், ஒன்னும் ஆவாது" என்று ஏரிக்கரைப் பக்கம் ஓடினார்.

"எல்லாரும் நகருங்க, ஆஸ்பத்திரிக்குப் போவணும்!" என்று கத்தினேன்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இரு கண்ணு. அவன் எனக்காக அவ்வளவு தூரம் ஓடியிருக்கான். வர்றதுக்குள்ள கெளம்பிட்டா மனசு நொந்துருவான்."

காலேஜ் படித்தவள், ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவள், அவர் பேச்சைக் கேட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சித்தப்பா வந்தார். அரைத்துக் கொடுத்தார். அப்பா முகம் சுளிக்காமல் குடித்தார். அடுத்த தெருவிலிருந்து இன்னொருவர் வேறு ஏதோ வேர் கொண்டுவந்தார். அவர் மட்டும் வருத்தப்படலாமா? அதையும் வாங்கிக் குடித்தார். கால் முழங்கால்வரை வீங்கிவிட்டது. ஈறிலிருந்து ரத்தம் கசிந்த பிறகுதான் எல்லோரும் அலறினார்கள். யாரோ கார் கொண்டுவந்தார்கள். அதற்குள் ஒன்றரை மணி நேரம் போயிருந்தது.

பாலக்கோட்டில் ஊசி போட்டு, தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். "எப்ப கடிச்சது?" என்று டாக்டர் கேட்டார். நேரத்தைச் சொன்னேன். அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அந்தப் பார்வைக்குப் பதில் நாலு அறை வாங்கியிருக்கலாம்.

கிட்னி இரண்டும் நின்றுபோனது. டயாலிசிஸ் செய்தார்கள். நாலாம் நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தார். என்னைக் கிட்டே கூப்பிட்டு, "உங்க சித்தப்பன யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. பாவம், நல்லதுக்குத்தான் செஞ்சான்" என்றார். தலையாட்டினேன். ஆறாம் நாள் மத்தியானம் போய்விட்டார்.

எடுத்த அன்று நிற்க இடமில்லை. வெளியூரிலிருந்தெல்லாம் பேருந்து பிடித்து வந்தார்கள். அன்றைக்கு எங்கள் வாசலில் நின்றவர்களும் அழுததைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை. பாவிகளா, ஒரு ஆளாவது அன்றைக்கு வழி விட்டிருக்கக் கூடாதா என்றுதான் வயிறு எரிந்தது.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது சித்தப்பா வரப்பில் தனியாக நின்றிருந்தார். தாடியும் அழுக்கு வேட்டியுமாக, ஆளே பாதியாகியிருந்தார்.

"நான்தான் லேட் பண்ணிட்டனாம்மா? உண்மையைச் சொல்லு. வூட்ல சோறு எறங்கல."

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார். அப்பா அதைத்தான் கேட்டிருந்தார்.

"ஆமாங்க சித்தப்பா" என்றேன். "நீங்க லேட் பண்ணீங்க. நான் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

அவர் வரப்பிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். அப்பா பேச்சை நான் மீறியது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். பூச்சி கடித்த அன்றைக்கே மீறியிருக்க வேண்டும்.