கடைசியில் ஒரு தட்டு

மாப்பிள்ளையின் கீபோர்டைப் பார்சலிலிருந்து பிரித்த நாள் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸைவிட ஒரு சுற்றுதான் பெரிது. கையில் வாங்கினால் மட்டும் கருங்கல் துண்டு மாதிரி கனத்தது. எண்களுக்கென்று ஒரு வரிசை கிடையாது. அம்புக்குறிகள் கிடையாது. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தேழே பட்டன்கள். என் தங்கச்சி இடுப்பில் பிள்ளையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, பாதிதான் வந்திருக்கு? மீதி நாளைக்கு வருமா?" என்றாள். மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் பாப்பா பயந்து அழுதது.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். சென்னைக் கம்பெனியில் புரோகிராமர். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் தங்கச்சியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, திருத்துறைப்பூண்டியில் நானும் என் மனைவியும் இருந்த வீட்டுக்கே வந்துவிட்டார். நான் காலேஜில் படித்தது வணிகவியல். புரோகிராம் எழுதுவதைப் பிற்பாடு நானாகத் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டு, தஞ்சாவூரில் ஒரு சின்ன கம்பெனிக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டு மாடியறையில் இரண்டு மேசைகளை எதிரெதிராகப் போட்டு உட்கார்ந்தோம். ஜன்னலைத் திறந்தால் வயல். நடவு சமயத்தில் கீழேயிருந்து பெண்களின் பேச்சும், மேலே மாப்பிள்ளையின் கீபோர்டுச் சத்தமும் கலந்து கேட்கும். பிளாஸ்டிக் சத்தம் இல்லை அது. மழை விட்ட பிறகு ஓட்டிலிருந்து சொட்டுகிற மாதிரி, நிதானமாக, உருண்டையாக விழும்.

"இத்தனூண்டுல எப்படி மாப்ள எல்லாத்தையும் அடிக்கிறீங்க?" என்று கேட்டேன். கட்டைவிரலால் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டால் அதே எழுத்துகள் எண்களாகிவிடும், இன்னொன்றை அழுத்தினால் அடைப்புக்குறிகளாகிவிடும் என்று காட்டினார். எந்தப் பட்டன் எதைத் தர வேண்டும் என்பதை நாமே எழுதி அதன் நினைவில் ஏற்றிவைக்கலாமாம். "ஒரே வயல்ல குறுவை, தாளடி, அப்புறம் உளுந்துன்னு மூணு எடுக்குறோம்ல மச்சான்? ஒரு பட்டன்ல மூணு எடுக்க மாட்டமா? கை ஏன் ஊர் சுத்தணும்? இருந்த இடத்துலயே இருக்கட்டும்" என்றார். எதைச் சொன்னாலும் வயலில் கொண்டுபோய் நிறுத்துவார். வரப்பில் கால் வைத்தால் வழுக்கி விழுகிற ஆள் அவர் என்பது வேறு விஷயம்.

ஆசைப்பட்டு நானும் மூன்று தடவை முயன்றேன். ஒரு தடவைகூட நான்கு நாள் தாண்டவில்லை. ஒரு அடைப்புக்குறிக்காக இரண்டு நிமிடம் தேடுவேன். வலதுகைச் சுண்டுவிரல் பழைய நினைப்பில் கீழ் மூலைக்கு ஓடும், அங்கே அம்புக்குறி இருக்கும் என்று. அப்போது அங்கே ஒன்றுமே இருக்காது. பழைய கீபோர்டுக்கே திரும்பிவிடுவேன். "மச்சான் மறுபடியும் பெரிய மாட்டு வண்டியப் பூட்டிட்டார்" என்று கீழே தங்கச்சிக்குக் கேட்கக் கத்துவார். பிறகு என்னைப் பார்த்துத் தணிந்த குரலில், "இருபது நாள் பொறுங்க மச்சான். பறிச்சு நட்ட நாத்து ஒரு வாரம் வாடித்தான் கெடக்கும். செத்துருச்சுன்னு புடுங்கிப் பாக்கக் கூடாது. விரலும் வேர் புடிக்கணும்ல?" என்பார்.

அவருக்கென்று சொந்தமாக ஒரு மடிக்கணினி இருந்தது. பாப்பா பிறந்த நாளிலிருந்து எடுத்த வீடியோக்களையெல்லாம் போனில் இடம் நிறைய நிறைய அதில் மாற்றி வைப்பார். எல்லாவற்றிலும் பாப்பாதான் தெரியும். பேசுவதெல்லாம் கேமராவுக்குப் பின்னால் நிற்கிற மாப்பிள்ளை. "கிளவுட்ல போட்டு வைங்க மாப்ள" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "மேகத்த நம்பி நாத்து விட்டவங்கிட்டப் போய்க் கேளுங்க மச்சான், அவன் சொல்லுவான்" என்று முடித்துவிடுவார்.

பாப்பாவுக்கு நான்கு வயது நடக்கும்போது, அறுவடை நேரத்தில், மன்னார்குடிப் பக்கம் ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் அவருடைய பைக் சறுக்கியது. பின்னால் லாரி வந்தது. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. போன்கூட மிஞ்சவில்லை.

காரியம் முடிந்த பிறகும் தங்கச்சியும் பாப்பாவும் எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ஒருநாள் மாடியறைக்கு வந்த தங்கச்சி, மாப்பிள்ளையின் மேசையிலிருந்த கீபோர்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். "அவரு கை பட்டது. சும்மா கெடந்து தூசி அடைய வேணாம். நீ வச்சு வேல செய்யிண்ணே. அந்தச் சத்தம் கேட்டா கீழ எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்" என்றாள். இந்தத் தடவை விடக்கூடாது, விரல் ஒடிந்தாலும் பழகிவிடுவது என்று நினைத்துக்கொண்டேன்.

பழகுவது சுலபமாக இல்லை. அவர் தன் விரலுக்கேற்ப எழுதிவைத்த அமைப்பு அது. எனக்கு எதுவும் கைக்கு அகப்படவில்லை. அதிலும் அந்தக் கீழ் மூலைப் பட்டன் உயிரை வாங்கியது. அம்புக்குறி என்று நினைத்துச் சுண்டுவிரல் அங்கே போய் விழும். உடனே நான் எழுதிக்கொண்டிருக்கும் புரோகிராமின் நடுவில் எழுத்தும் எண்ணும் குறியுமாக, பொருளே இல்லாத நீளமான ஒரு சரம் வந்து கொட்டும். முதல் தடவை கீபோர்டில் தண்ணீர் இறங்கிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, மாப்பிள்ளை எதையோ சோதித்துப் பார்த்துவிட்டு எடுக்க மறந்திருப்பார் என்று எண்ணினேன். ஆறேழு தடவை கொட்டியது. ஆறேழு தடவையும் எரிச்சலோடு அழித்தேன். எட்டாம் நாள் கம்பெனியில் அவசர வேலை. பொறுமை போய்விட்டது. கீபோர்டு செய்தவர்களின் இணையதளத்திலிருந்து சாதாரண அமைப்பை இறக்கி அதில் ஏற்றினேன். ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்று அழுத்தினேன். ஒரு நிமிட வேலை.

அதன் பிறகு கீபோர்டு எனக்கு அடங்கிவிட்டது. கீழே தங்கச்சிக்குச் சத்தமும் கேட்டது.

முதல் வருடத் திவசம் நெருங்கியபோது, மாப்பிள்ளை சிரிக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று தங்கச்சி பீரோவிலிருந்து மடிக்கணினியை மாடியறைக்கு எடுத்து வந்தாள். ஒரு வருடமாக அதைத் திறக்க அவளுக்கு மனம் வரவில்லை. பாப்பாவையும் மடியில் வைத்துக்கொண்டாள். "அப்பா பேசுறது கேக்கப் போற பாரு" என்று சொல்லிக்கொண்டே பாஸ்வேர்டை அடித்தாள். தப்பு என்றது. மறுபடி அடித்தாள். மறுபடியும் தப்பு.

"உனக்குப் பாஸ்வேர்டு தெரியுமா?" என்றேன்.

"தெரியும்ணே. ஒருநாள் என் விரலப் புடிச்சுத் தட்ட வச்சே காட்டுனாரு. பாப்பா பேரு, கடைசியில ஒரு தட்டு. அவ்ளோதான், மறந்துறாதன்னாரு. நானும் பேர அடிச்சு என்டர்தானே தட்டுறேன்? ஏன் தொறக்க மாட்டேங்குது?"

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. தினமும் காலையில் எதிர் மேசையில் பார்த்திருக்கிறேன். நாலைந்து எழுத்து அடிப்பார். பிறகு வலதுகைச் சுண்டுவிரல் கீழ் மூலைக்குப் போய் ஒரு தட்டுத் தட்டும். அந்த மடிக்கணினி திறந்துவிடும். அந்த ஒரு தட்டு என்டர் இல்லை. யாராலும் ஊகிக்க முடியாத ஒரு நீளச் சரத்தை அந்த மூலைப் பட்டனில் ஏற்றிவைத்திருந்தார். அதை எழுதிய கோப்பு வேறெங்கும் இல்லை, அந்த மடிக்கணினிக்குள்ளேதான் இருந்தது. வெளியே இருந்த ஒரே பிரதி கீபோர்டின் நினைவில். அதைத்தான் நான் ஒரு நிமிடத்தில் அழித்திருந்தேன்.

"வேற எதாவது சேத்து வச்சிருப்பாரா இருக்கும்" என்றேன். இதுதான் நான் அவளிடம் சொன்னது. சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப்போய்க் கொல்லையில் நின்றேன்.

அந்தச் சரம் என் புரோகிராம் கோப்புகளில் எங்காவது தப்பித்தவறிச் சேமிக்கப்பட்டிருக்குமா என்று ஒரு மாதம் தேடினேன். ஒவ்வொரு கோப்பின் பழைய வடிவங்களையும் தோண்டினேன். ஓரிடத்திலும் இல்லை. வாழ்நாளில் நான் அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது அந்த ஒரு வாரம்தான் போலிருக்கிறது. கண்ணை மூடி உட்கார்ந்து நினைவுபடுத்திப் பார்த்தேன். நடுவில் எங்கோ ஒரு பெரிய எழுத்து, ஒரு ஒன்பது. அவ்வளவுதான் வந்தது. அந்த ஒன்பதும் நானாகக் கற்பனை செய்துகொண்டதோ என்னவோ. தஞ்சாவூரில் ஒரு கடைக்காரரிடம் மடிக்கணினியைக் கொண்டுபோனேன். அவர் நல்ல மனிதர், காசு வாங்கவில்லை. "உள்ள இருக்கறத எல்லாம் தூளாக்கி வச்சிருக்குங்க சார். அந்த பாஸ்வேர்டு வந்தாத்தான் மறுபடி ஒண்ணு சேரும். கழட்டிப் பாக்குறதுல ஒண்ணும் இல்ல. கொண்டுபோங்க" என்றார்.

தங்கச்சி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் பீரோவைத் திறப்பாள். நாலைந்து தடவைக்கு மேல் தப்பாக அடித்தால் கணினி காத்திருக்கச் சொல்லும் என்பதால், வாரம் முழுதும் யோசித்து நான்கு யோசனைகளோடு வருவாள். "வேதாரண்யம் போன அன்னிக்கு பஸ்ஸ விட்டுட்டு உப்பளத்து ஓரமா நடந்தோம்ணே. செருப்பக் கையில தூக்கிக்கிட்டு வந்தாரு. அந்தத் தேதியா இருக்குமோ?" என்பாள். நான் அடிப்பேன். தப்பு என்று வரும். "பாப்பா பொறந்த ஆஸ்பத்திரி ரூம் நம்பர்? சந்தோஷத்துல அடுத்த ரூமுக்குள்ள போயி அவங்க பிள்ளையக் கொஞ்சிட்டு வந்தாரே!" பாப்பா விழுந்து விழுந்து சிரிப்பாள். அடிப்பேன். தப்பு. கொஞ்ச நாளில் பாப்பாவும் யோசனை சொல்ல ஆரம்பித்தாள்: "அப்பாவுக்குப் பலாப்பழம் புடிக்கும்ல, அதப் போடு மாமா." பலாப்பழத்தையும் போட்டேன். ஒவ்வொன்றும் திறக்காது என்று தெரிந்தே, ஒன்றரை வருட ஞாயிறுகள், அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தேன். அதுவும் எந்தக் கீபோர்டில்? அதே கீபோர்டில். அதற்குள் விரல் அதில் வேர் பிடித்துவிட்டிருந்தது. பன்னிரண்டு நாள் கூடப் பொறுத்திருந்தால் அவருடைய அமைப்பிலேயே பிடித்திருக்கும்.

எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். என்ன ஆகிவிடும் என்ற பயம்தான். அவள் என்னைத் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். திட்டாமல் இருந்துவிட்டால்?

போன மாதம் ஒருநாள் தங்கச்சி தன் மாமியாரோடு போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. வலங்கைமானில் இருக்கிறார்கள். மகன் குரலை ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று அழுதிருப்பார்கள்போல. "என் மேலதான் அத்தை தப்பு. சின்ன விஷயம், மறந்துறாதன்னு சொல்லித்தான் குடுத்தாரு. அவரு சொன்னதுல இந்த ஒண்ணத்தான் நான் காப்பாத்த வேண்டியிருந்துச்சு. அதையும் தொலச்சுட்டேன்" என்று தலையிலடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னாள்.

போனை வைக்கும்வரை வாசற்படியில் நின்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் முதலில் கேட்டது இதுதான்: "அப்ப நான் மறக்கலயா?"

"இல்லம்மா. நீ சொன்னதுதான் சரி. பேரு, கடைசியில ஒரு தட்டு."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை காய்ந்த பிறகும் துடைத்தாள்.

"அந்தத் தட்டுல என்னா வரும்னு நீ பாத்தியா?"

"பார்த்தேன். ஆறேழு தடவ."

"பாத்து?"

"அழிச்சேன்."

"இது எப்பத் தெரியும் ஒனக்கு?"

"நீ முதல்ல அடிச்சியே, அன்னிக்கே."

அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. போய் இறக்கி வைத்தாள். அன்று எனக்கும் இலை போட்டுப் பரிமாறினாள். மறுநாளிலிருந்து என் மனைவியை விட்டுப் பரிமாறச் சொல்கிறாள்.

பாவத்தைச் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் பாரம் குறையவில்லை. அவளிடம் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டேன் என்பதுதான் பிறகு புரிந்தது. கணினி திறக்கவில்லையே தவிர, அந்த ஞாயிறுகளில் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, அடுத்த ரூம் பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டு, பலாச்சுளை தின்றுகொண்டு. பாப்பாவுக்குத் தெரிந்த அப்பா அவ்வளவுதான். இனித் தேட ஒன்றுமில்லை என்று ஆன பிறகு தங்கச்சி அவரைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

இன்று ஞாயிறு. சாப்பாடு முடிந்துவிட்டது. பாப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து, வழக்கம்போல என் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். இந்த வாரம் அவளுக்கு ஒரு யோசனை வந்திருக்கிறதாம்; அம்மா வந்ததும்தான் சொல்வாளாம். உள்ளே தங்கச்சி பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. பீரோ திறக்கிற சத்தம் வரவில்லை.