யார் பிள்ளை என்று கேட்காத வரி

புந்தோங் அரசாங்கக் கிளினிக்கில் அம்மாவின் மாத்திரைக்காகக் காத்திருந்த ஒரு காலையில், தாதி உள்ளிருந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார். மூன்று ஆண்கள் எழுந்து நின்றார்கள். தாதி சலித்துக்கொண்டு, மலாயில் 'அனாக் லெலாக்கி', அதாவது மகன், என்று அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்ல, இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். அடையாள அட்டையிலேயே இன்னார் மகன் என்று எழுதுகிற நாடு இது. எங்களுக்கு இது அன்றாடக் கூத்து. ஆனால் அன்று எனக்கு அது கூத்தாகத் தெரியவில்லை. அலுவலகத்தில் ஓர் அண்ணன் ஐந்து மாதமாகப் பட்டுக்கொண்டிருந்த அவமானத்துக்குக் காரணம் யார் என்று அந்த நொடியில் புரிந்துபோனது. நான்தான்.

அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். செமோர் பக்கத்துப் பழைய எஸ்டேட்டில் வளர்ந்தவர். கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடம் இயந்திரம் பழுதுபார்த்துவிட்டு, மாலை வகுப்பில் கணினி படித்து, நாற்பத்தாறு வயதில் எங்கள் ஈப்போ அலுவலகத்துக்கு வந்தவர். ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் வேலை நிரந்தரமாகாவிட்டால் பழைய தொழிற்சாலையிலும் இடமில்லை. அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர்களெல்லாம் அவருடைய சீனியர்கள். அதைப் பற்றி அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

எங்கள் வேலை, வட்டில் கோப்புகளை எழுதி, அடுக்கி, திருப்பித் தரும் கோப்பு முறைமையைப் போட்டுப் படுத்திச் சோதிப்பது. ஒரு சோதனை தொடங்கினால் நூறு செயல்கள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள், ஒரே நேரத்தில் எழுதும், அழிக்கும், பெயர் மாற்றும். கடைசியில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்போம். சோதனை முடிந்ததும் மிச்சமாக ஓடிக்கொண்டிருக்கும் செயல்களை நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு நான் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன்: இந்தப் பெயருள்ள செயல்களையெல்லாம் நிறுத்து. அழகான வரி என்று எனக்குப் பெருமை வேறு. நேரம் மிச்சமாகட்டும் என்று ஒரே இயந்திரத்தில் என் சோதனையையும் அண்ணனுடையதையும் சேர்ந்தே ஓட விட்டபோது, இரண்டிலும் ஓடுவது ஒரே பெயருள்ள நிரல் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை.

என் சோதனை எப்போதும் தேறும். அண்ணனுடையது சில நாள் தேறும், சில நாள் பாதியில் செத்துக் கிடக்கும். தனியாக ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. மேலாளர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், கவனமில்லாமல் எழுதுகிறார் என்றார். பையன்கள் பெயில் அண்ணே என்று கிண்டல் செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார், பிறகு என்னிடம் வந்து, "ஸ்பானர் புடிச்ச கைம்மா, எங்கயோ தப்பு பண்ணுது" என்பார். நானும், மெதுவாகப் பாருங்கள் அண்ணே, கிடைத்துவிடும் என்று பெரிய மனுஷி போல ஆறுதல் சொல்வேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

என் சோதனை முதலில் முடிந்த நாட்களிலெல்லாம் அந்த வரி, பெயர் ஒன்று என்பதால், அண்ணனுடைய செயல்களையும் சேர்த்து நிறுத்தியிருக்கிறது. கிளினிக்கிலிருந்து நேரே அலுவலகம் போய் அதை மாற்றினேன். ஒவ்வொரு சோதனையும் தனி அமர்வில், தனிக் குடும்பம் போல, தொடங்கும். முடிந்ததும் அந்த அமர்வில் பிறந்த செயல்களை மட்டும் நிறுத்தும். பெயரைக் கேட்காமல் யார் பிள்ளை என்று கேட்கிற ஏற்பாடு, அவ்வளவுதான். அண்ணனுடைய சோதனை அதற்குப் பிறகு ஒரு தடவைகூடச் சாகவில்லை. சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அதற்குள் மேலாளரே, இப்போது நன்றாகத் திருந்திவிட்டார் என்று பாராட்டி வேலையை நிரந்தரமாக்கிவிட்டார். அண்ணன் எல்லாருக்கும் குவே பலகாரம் வாங்கிக் கொடுத்தார். முடிந்த கதையை எதற்குக் கிளறுவது என்று நானும் இரண்டு துண்டு எடுத்துத் தின்றேன்.

அவருக்குத்தான் கதை முடியவில்லை. எதை எழுதினாலும் மூன்று தடவை ஓட்டிப் பார்ப்பார். யாருடைய சோதனை விழுந்தாலும் முதல் ஆளாக, "என்னுதா இருக்கும்லா, பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து போவார். நாலு வருடம் இப்படியே ஓடியது. போன மாதம் மேலாளர் அவரைக் குழுவுக்குத் தலைவராக இருக்கச் சொன்னபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று நான் கேட்டேன். "நான் தப்பு பண்ற ஆளு, தங்கச்சி. உனக்கே தெரியும்" என்றார்.

அன்று மதியம் அவரை மாமாக் டீக்கடைக்குக் கூட்டிப்போய், தே தாரிக் வரும்வரைகூடப் பொறுக்காமல், கிளினிக், மூன்று பேர், என் வரி என்று எல்லாவற்றையும் கொட்டினேன். நாலு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்ப நான் எழுதுனது?"

"சரியாத்தான் இருந்துச்சு அண்ணே."

"மொதல்லேருந்தேவா?"

"மொதல் நாள்லேருந்தே."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கைப்பேசியை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். அப்போ பெயில் ஆச்சே, ஞாபகம் இருக்கா, அது என் தப்பு இல்லையாம் என்று சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை. யார் சொன்னது என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார்கள் போல.

"நம்ம தங்கச்சிதான்லா கண்டுபுடிச்சிச்சு" என்றார்.