தண்ணீரைத் திறந்த கை

கார்பைடு டேங்க் வெடித்து அண்ணன் இறந்ததிலிருந்து வெல்டருக்குப் பூண்டு வாசனையே ஆகாது. கார்பைடில் தண்ணீர் பட்டு வரும் வெல்டிங் கேஸுக்கும் அதே வாசனைதான். வேறு வேலை பார்க்கச் சொன்னாள் மனைவி. அவரோ பட்டறையே கதியென்று கிடந்து, மூன்று வருஷத்தில் புது டேங்க் ஒன்றைச் செய்தார். பழையதில் கார்பைடு மேல் தண்ணீர் சொட்டும். இதில் நிறையத் தண்ணீருக்குள் கார்பைடு சிறிது சிறிதாக விழும். கேஸின் அழுத்தம் ஏறினால் விழுவது தானாக நின்றுவிடும்.

பார்க்க வந்த அண்ணி, "இனி வெடிக்காதா தம்பி?" என்று கேட்டாள்.

"வெடிக்காது அண்ணி." அதோடு அவரால் நிறுத்த முடியவில்லை. "அன்னைக்கு அவசரத்துல தண்ணியை அதிகமாத் திறந்துவிட்டது நான்தான்."

"தெரியும். ஆஸ்பத்திரியிலயே அவர் சொன்னார். உங்ககிட்ட கேக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டுத்தான் போனார்."

அந்த டேங்க் பல பட்டறைகளுக்குப் போயிற்று. ஒன்றுகூட வெடிக்கவில்லை. இருந்தும், நெருப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் அவர் மற்றவர்களை வெளியே அனுப்பிவிடுகிறார்.