கட்டிலிலிருந்து அடுப்படி வரை

மதுரையில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று, காரியாபட்டி வருவதற்குள் பதினேழு வேகத்தடைகளை எண்ணிவிட்டேன். பதினெட்டாவதில் பஸ் ஏறி இறங்கியபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மனைவி, "வாய்க்குள்ள எண்ணுறது வெளிய கேக்குது. சும்மா வாங்க," என்றாள்.

சும்மா வர என்னால் முடியவில்லை. அவள் பார்வையின் ஓரங்கள் ஏற்கெனவே போய்விட்டன என்றும், குழாய்க்குள் பார்ப்பது போல நடுவில் மிச்சமிருப்பதும் மெல்லக் குறையும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். எவ்வளவு நாள் என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும், "மருந்தை விடாமப் போடுங்க, தள்ளிப் போடலாம்," என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "வீடு மாறுறதா இருந்தா இப்பவே மாறிடுங்க. பார்வை இருக்கும்போதே அவங்களுக்கு வீடு பழகட்டும்."

அப்போது திருச்சுழி ரோட்டில், அருப்புக்கோட்டை ஓய்ந்து கரிசல் தொடங்கும் இடத்தில், எங்கள் வீட்டின் வெளிச்சுவர் மட்டும் ஜன்னல் மட்டம் வரை எழும்பி நின்றது. நான் முப்பத்து நான்கு வருடம் சர்வேயராக இருந்தவன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் சங்கிலி பிடித்து அளக்காத காடு குறைவு. எனக்கென்று ஐந்து சென்ட் அளந்துகொண்டது மட்டும் ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்துத்தான்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் போனில் அழுதாள். "புது வீடு வேணாம்ப்பா. அம்மா இப்ப இருக்கிற வாடகை வீட்டுலயே இருக்கட்டும். அது பழகுன எடம்."

என் மனைவி போனை வாங்கினாள். "இந்தா பாருடி, இந்த மாடிக்குப் பதினாலு படி. ஏறி எறங்கி எம்முட்டி தேஞ்சதுதான் மிச்சம். அவுக கட்டட்டும். கண்ணு இருக்கும்போதே வீட்டைப் பாத்து வச்சுக்கிறேன்."

பார்த்து வைத்துக்கொள்வது. அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. ஒரு நாள் புத்தகத்தை மூடி வாங்கிக்கொள்வார்கள், எந்த நாள் என்று சொல்லமாட்டார்கள், அதற்குள் மனப்பாடம் செய்துவிட வேண்டும் என்றால் பாடம் எப்படி இருக்க வேண்டும்? எளிதாக, நேராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். உள்ளறைகளின் வரைபடத்தைத் திரும்பப் போட்டேன். தென்மேற்கில் படுக்கையறை, தென்கிழக்கில் அடுப்படி, நடுவில் ஹால். கட்டிலிலிருந்து அடுப்படி மேடை வரை ஒரே நேர்கோடு, பதினோரு தப்படி. வழியில் ஒரு வாசற்படியும் உயர்ந்து நிற்கக் கூடாது. எல்லா ஸ்விட்சும் தரையிலிருந்து நாற்பத்திரண்டு அங்குலம். எல்லாக் கதவும் ஒரே பக்கமாகத் திறக்க வேண்டும்.

பந்தல்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் கொத்தனார், நான் நூல் பிடிப்பதைத் தினமும் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். "சார், அம்மாவுக்கு வீடு கட்டுறீகளா, ரயிலுக்குத் தண்டவாளம் போடுறீகளா?"

"நீ சுவரைத் தூக்குப்பா."

"தூக்குறேன். ரயில் கார்டை வச்சுக் கொடி காட்டும்போது சொல்லுங்க, ஓரமா நின்னுக்கிறேன்."

தரைக்கு வீடு முழுவதும் ஒரே டைல்ஸ் போட்டேன். இரண்டடிக்கு இரண்டடி, நூற்றுத் தொண்ணூற்றாறு. மேடு பள்ளம் இல்லை. எங்கேயும் அவள் கால் தட்டாது. கடைசிக் கல் பதித்த அன்று குனிந்து முகத்தைப் பார்த்தேன். என் வழுக்கை தெரிந்தது. பெருமையாக இருந்தது.

பால் காய்ச்சிய அன்று நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். சுவர்க் கடிகாரம் மட்டும் ஏழு வந்தது. நான் அவற்றைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

மூன்றாம் நாள் காலையில் பயிற்சியைத் தொடங்கினேன். அவளைக் கட்டிலருகே நிறுத்தி, கண்ணை மூடச் சொன்னேன்.

"நேரா நட. பதினொண்ணுல நில்லு. கை நீட்டுனா மேடை."

நடந்தாள். நான் உரக்க எண்ணினேன். பதினொன்றில் நின்று கையை நீட்டினாள். கை வெறும் காற்றில் நின்றது. வந்த தூரம் அளவுக்கு இன்னும் போனால்தான் மேடை. கண்ணைத் திறக்காமலே, "எங்கங்க மேடை?" என்றாள்.

சர்வேயருக்கு நடையும் ஒரு கருவி. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே ஒரு தப்படிக்கு இரண்டரை அடி என்று காலைப் பழக்கிவிடுவோம். பிறகு கால் அதை மறக்காது. இந்த வீடு முழுவதையும் அந்தக் காலால்தான் நடந்து நடந்து குறித்திருந்தேன். சேலை கட்டிய, வலது முட்டி தேய்ந்த ஒருத்தி நடக்கப்போகிற வீடு இது என்பது, கட்டிய எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட என் காலுக்குத் தோன்றவில்லை.

சரி, அவள் நடையையே எண்ணிவிடலாம் என்று நோட்டை எடுத்தேன். முதல் தடவை பத்தொன்பது. அடுத்தது இருபத்திரண்டு. மறுநாள் முட்டி வலி, இருபத்தாறு.

"ஒரே மாதிரி எடுத்து வையேன்," என்றேன்.

"நான் என்ன உங்க ஆபீஸ் சங்கிலியா, இழுத்த எடத்துல நிக்க?"

"கொஞ்சம் முயற்சி பண்ணினா வரும்."

"வராதுங்க." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கால்ல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. இங்கயும் வழுவழு, அங்கயும் வழுவழு. ரூம்ல நிக்கிறேனா, ஹால்ல நிக்கிறேனான்னு காலுக்குத் தெரியல. கம்மாய்த் தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு பயிற்சிக்கு வரவில்லை. பகலில் எப்படியோ சமாளித்தாள். ஆறு மணிக்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. வாடகை வீட்டில் அந்த நேரத்தில்தான் அடுப்படிக்குப் போய்க் காப்பி போடுவாள். தடவிக்கூடப் பார்க்கமாட்டாள், கை தானாகப் போகும். புது வீட்டில் ஆறு மணி ஆனால் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். காப்பியை நான் போட்டேன். நோட்டில் அதற்கும் கோடு போட்டேன். பதினெட்டுக் கோடு சேர்ந்த அன்று அவளுக்குச் சொட்டு மருந்து விட்டேன். மருந்து விட்டால் ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூடிய கண்ணோடு பேசினாள்.

"கண்ணு போனாப் போகுதுங்க. எந்நேரமும் யாராச்சும் கொண்டாந்து குடுக்கிறதைக் குடிச்சுக்கிட்டு, இப்படிக் கட்டில்லயே கெடந்துருவேனோன்னுதான்..."

நிமிடம் நான்குதான் ஆகியிருந்தது. ஐந்து என்று சொல்லி முகத்தைத் துடைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்ணயர்ந்து எழுந்தபோது மணி மூன்று பத்து. பக்கத்தில் அவள் இல்லை. அடுப்படியில் இல்லை. குளியலறையில் இல்லை. ஹாலில் சோபா அப்படியே மடிப்புக் கலையாமல் இருந்தது. அறைகளை இரண்டாவது சுற்று பார்த்தேன். வாசலில் செருப்பு கிடந்தது. எங்கோ விழுந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அப்போதுதான் வீட்டுக்குக் கிழக்கே சிரிப்புச் சத்தம் கேட்டது.

அடுப்படியின் பின்கதவு திறப்பது அந்தப் பக்கம்தான். மதில் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே ஆறடி அகலச் சந்து. கட்டட வேலைக்கு வைத்த தண்ணீர்த் தொட்டி, படிக்கு வாங்கி மிஞ்சிய கல் பலகைகள், அரைக்குவியல் மணல் எல்லாம் அங்கேதான் கிடந்தன. என் வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பெயரே கிடையாது. மறுநாள் காலை கொத்தனார் வந்து எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டுச் சமமாகச் சிமெண்டு பூச ஏற்பாடு செய்திருந்தேன்.

அந்தச் சந்தில் வீட்டின் நிழல் முழுசாக விழுந்திருந்தது. நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி சுளகில் கொத்தமல்லி புடைத்துக்கொண்டிருந்தாள். வாசனை மூக்கில் ஏறியது. தொட்டியின் விளிம்பில், கல்லின் மேல் கால் வைத்து, என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள சோபா இருக்கே?" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு வாய் அதிகம். "அதுல உக்காந்தா ஆஸ்பத்திரி மாதிரி டோக்கன் நம்பர் எப்பக் கூப்புடுவாகன்னு இருக்கு, பெரியப்பா. இங்கதான் நெழலு."

"நீ எப்படி வந்த? யாரு கூட்டிட்டு வந்தா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"யாரு கூட்டிட்டு வரணும்? நானாத்தான் வாரேன். பத்து நாளா வாரேன். நீங்க தூங்குறீக."

என் நோட்டில் இல்லாத பத்து நாள்.

"இப்ப வெளிச்சம் இருக்கு, வந்துட்ட. இருட்டினா?"

"கண்ணை மூடிக்கிட்டே வந்து காட்டவா?"

எழுந்து அடுப்படிக் கதவு வரை போனாள். திரும்பி நின்று கண்ணை மூடினாள். நான் கையை நீட்டியபடி பின்னால் போனேன். பக்கத்து வீட்டுக்காரி, "பெரியப்பா, கைய மடக்குங்க. பெரியம்மா என்ன பச்சப்புள்ளையா?" என்றாள்.

"கதவைத் தாண்டுனா காத்து மூஞ்சில படும்," என்று சொல்லிக்கொண்டே என் மனைவி கால் எடுத்து வைத்தாள். "இது சிமெண்டு, சொரசொரங்கும். அது முடிஞ்சா கல்லு. முதக் கல்லு பேசாம கெடக்கும். ரெண்டாவது ஆடும் பாருங்க." டக் என்றது கல். "ஆடுச்சா? இப்ப இடது கைய நீட்டுனா தொட்டி. செவுரு குளுந்துருக்கும்." கை தொட்டியில் பட்டது. திரும்பி உட்கார்ந்தாள். ஒரு தப்படிகூட எண்ணவில்லை.

கண்ணைத் திறந்து, "நாளைக்குக் கொத்தனார் வந்து இதையெல்லாம் அள்ளப்போறார்னு சொன்னீகள்ல?" என்று மட்டும் கேட்டாள். மல்லி புடைக்கிற சத்தம் நின்றது. நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் உள்ளே போய்க் கொத்தனாருக்குப் போன் செய்தேன். நாளைக்கு வர வேண்டும், ஆனால் வெளியே வேலை இல்லை, உள்ளே என்றேன்.

காலையில் கடப்பாரையோடு வந்தவருக்கு விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "நல்ல டைல்ஸ உடைக்கவா சொல்றீக? பதிச்சு ரெண்டு மாசம் ஆகல சார்."

"கட்டில்லருந்து மேடை வரைக்கும் ஒரு வரிசை. பதினாலு டைல்ஸ். எடுத்துட்டு, சொரசொரன்னு கொத்துன கல்லு போடு."

"பதிமூணு போதும்," என்றாள் என் மனைவி. அவள் சுவரைப் பிடித்தபடி வந்து நின்றிருந்தாள். "பாத்ரூமுக்குத் திரும்புற எடத்துல அந்த ஒண்ணு மட்டும் கெடக்கட்டும். வழுவழுன்னு வந்தா திரும்பணும்னு தெரிஞ்சுக்குவேன்."

கொத்தனார் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு கல்லையும் போடும் முன்னால், "கால வச்சுப் பாருங்கம்மா," என்று அவளைக் கூப்பிட்டார். இரண்டு கல்லை அதிகம் சொரசொரப்பாக இருக்கிறது என்று அவள் திருப்பிவிட்டாள். நான் மட்டப்பலகையோடு நின்றேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடைசிக் கல்லில்தான் தகராறு. அடுப்படி வாசலுக்கு ஆடும் கல் வேண்டும் என்றாள்.

"ஆடுற கல்லா?" கொத்தனாருக்குக் கோபமே வந்துவிட்டது. "முப்பது வருசமா ஆடாத கல்லு போடத்தாம்மா கூலி வாங்குறேன். எவனாச்சும் வந்து மிதிச்சுட்டு, இது யாரு போட்டதுன்னு கேட்டா?"

"எம்பேரச் சொல்லுங்க."

"விழுந்துருவீக."

"விழுற மாதிரி வேணாம். மிதிச்சா டக்குன்னு சொல்லணும், அவ்வளவுதான்."

அந்த ஒரு கல்லுக்கு அரை நாள் ஆனது. மூலையில் கீழே சல்லி வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, மேலே ஏறி மிதித்து, காதைச் சாய்த்துக் கேட்டு, ஆடாமல் ஆடுகிற ஒரு பதத்துக்குக் கொண்டுவந்தார். ஆடாத கல் போடுவதைவிட அது சிரமமான வேலை என்று பார்த்தவனுக்குத் தெரியும். கிளம்பும்போது, "வேற யார்கிட்டயும் சொல்லிராதீக சார்," என்றார்.

கட்டிலுக்கடியில் கிடந்த ஏழு கடிகாரங்களையும் அவள் வெளியே எடுக்கச் சொன்னாள். ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்து, அதிகமாகச் சத்தம் போடுகிற ஒன்றைத் தேர்ந்தாள். குளியலறைக் கதவுக்கு மேலே மாட்டினேன். அது பத்து நிமிடம் மெதுவாக ஓடுகிறது. திருத்திக்கொண்டே இருக்கிறேன். "மணி பாக்கவா அத மாட்டுனோம்?" என்கிறாள்.

சந்தில் எதையும் தொடவில்லை. ஒரு வேப்பங்கன்று வைக்கலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம், காற்று மாறிவிடும் என்றுவிட்டாள். மூன்று மணிக்கு நிழல் விழுந்ததும் ஆள் வந்துவிடுகிறது. குறைந்தது நான்கு, மல்லிக் காலத்தில் ஒன்பது வரை.

இதெல்லாம் நடந்து இரண்டரை வருடம் ஆகிறது. இப்போது அவளுக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரியும். சொட்டு மருந்து இன்னும் விடுகிறேன். ஐந்து நிமிடத்தை ஐந்து நிமிடமாகவே எண்ணுகிறேன்.

காலை ஐந்தே காலுக்கு அவள் எழுந்திருப்பாள். நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பேன், அசையமாட்டேன். கல்லில் பாதம் உரசுகிற சத்தம் தொடங்கும். பாதி வழியில் ஒரு கணம் நிற்கும். நானும் மூச்சை நிறுத்திக்கொள்வேன். சத்தம் திரும்பத் தொடங்கும். பிறகு அடுப்படி வாசலில் டக் என்று கேட்கும். அப்போதுதான் நான் மூச்சை விடுவேன்.

பால் பாத்திரம் மேடையில் உட்காரும். அங்கிருந்தே குரல் வரும்.

"முழிச்சுக்கிட்டு ஒட்டுக் கேக்குறீகன்னு தெரியும். காப்பி வேணும்னா எந்திரிச்சு வாங்க. பதினோரு தப்படிதான?"