வாய் வைத்துக் குடித்த தம்ளர்

எழுபதுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்தேன். எங்கள் சாதிக்காரர்களுக்கு அங்கே கொட்டாங்குச்சியில்தான் டீ. முதலாளி வீட்டுப் பாத்திரம் எதிலும் எங்கள் உதடு படக் கூடாது.

புது மெஷினை மாட்ட பெல்ஜியத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். ஒரு வாரம் அவருக்கு நான்தான் கையாள். வேலை முடிந்த அன்று, தன் ஊர் மடத்துத் துறவிகள் காய்ச்சியது என்று சொல்லி ஒரு பீர் பாட்டிலைத் திறந்தார். முதலாளி வீட்டுக் கண்ணாடித் தம்ளரில் கருப்பாக ஊற்றி, ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"வேண்டாமுங்க சாமி" என்று முதலாளியைப் பார்த்தேன்.

"அட, குடிடா. விருந்தாளி குடுக்கறாரில்ல."

பழக்கத்தில் அண்ணாந்து ஊற்றினேன். நுரை மூக்கிலேறிப் புரையேறியது. வெள்ளைக்காரர் சிரிக்கவில்லை. தன் உதட்டைத் தொட்டுக் காட்டி, மெதுவாக என்று சைகை செய்தார்.

முதலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "அவரு காட்டற மாதிரியே குடி."

தம்ளரில் வாய் வைத்தேன். முதலில் கசப்பு. விழுங்காமல் நாக்கில் நிறுத்தியதும் கருகிய வெல்லப்பாகு போல ஓர் இனிப்பு. பிறகு தொண்டையில் சூடு. கண்ணை மூடிக் கடைசிச் சொட்டுவரை ருசித்தேன்.

மறுநாள் எனக்கு அதே தம்ளரில் டீ வந்தது. மனம் துள்ளியது.

"இனி இது ஊட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு முதலாளியம்மா சொல்லிட்டாங்க. நீயே வெச்சுக்க" என்றார் டீ கொண்டுவந்தவர்.

அந்தப் பட்டறையை விடும்வரை அதில்தான் குடித்தேன். என் தம்ளர்தான்; தடுக்க யாருமில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அண்ணாந்துதான் குடித்தேன்.