உப்புப் போடாத குழம்பு

அமுதவல்லிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று யாரும் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. ரெட்டியார்பாளையத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் டயட்டீஷியனாக உட்கார்ந்து, நோயாளிகள் அவிழ்த்துவிடும் பொய்களைக் கேட்டே தலை நரைத்தவள் அவள். "இனிப்ப கண்ணாலகூட பாக்கலம்மா" என்பார்கள். சட்டைப் பையிலிருந்து மிட்டாய்த் தாள் எட்டிப் பார்க்கும்.

2006-ல் அந்த ஆஸ்பத்திரிக்குப் பயிற்சி கொடுக்க நெதர்லாந்திலிருந்து லிஸ்பெத் என்ற ஊட்டச்சத்து நிபுணர் வந்தார். நெடுநெடுவென்று உயரம். இட்லியைக் கத்தியால் நறுக்கிச் சாப்பிடுவார். அவர் படித்தது நாலு வருஷப் படிப்பு. அதில் கேள்வி கேட்பதற்கென்றே தனிப் பயிற்சி இருந்ததாம். ஒருவர் நோயாளியாக உட்கார, இன்னொருவர் விசாரிக்க, மற்றவர்கள் சுற்றி இருந்து குறை சொல்வார்களாம்.

"சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த ஊரில் பட்டினி கிடப்பவர்கூட ஆச்சு என்றுதான் சொல்கிறார்" என்றார் லிஸ்பெத். வந்த ஒரே வாரத்தில் நம்மை எடை போட்டுவிட்டார் மனுஷி. நேற்று எழுந்தது முதல் வாய்க்குள் போனது ஒவ்வொன்றையும், அதை எப்படிச் சமைத்தார்கள் என்பது வரை கேட்க வேண்டும். என்ன பதில் வந்தாலும் முகத்தில் எதையும் காட்டக் கூடாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, நோயாளியின் நாற்காலியில் அமுதவல்லியை உட்காரச் சொன்னார்.

தயங்கித் தயங்கிப் போய் உட்கார்ந்தாள். தன் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது யாருக்கும் தெரியக் கூடாது என்று இருந்தவள் அவள்.

கணவர் புருஷோத்தமன் மில்லில் வேலை பார்த்தவர். சிறுநீரகம் கெட்டு, உப்பை நிறுத்தியதும் மனிதர் குழந்தையாகிவிட்டார். "எனக்கு மட்டும் சப்புனு போட்டுட்டு நீ ருசியா துன்றியா?" என்று சந்தேகப்பட்டு அவள் தட்டில் கைவிட்டு ருசி பார்ப்பார். அந்தச் சண்டையே வேண்டாம் என்று அவளும் அதே உப்பில்லாத குழம்பையே சாப்பிட்டாள். அவர் போன பிறகும் அப்படியேதான் சமைத்துக்கொண்டிருந்தாள். உப்பைக் கையில் எடுத்தால் அவரை ஏமாற்றுவது போல இருந்தது. வெளியே தெரிந்தால் பாவம் பார்ப்பார்கள். அவளுக்கு அது ஆகாது.

அதனால் நோயாளிகளுக்குச் சொல்லும் பட்டியலையே லிஸ்பெத்திடம் ஒப்பித்தாள். காலையில் இட்லி, சாம்பார். மதியம் சோறு, கீரை. இரவு சப்பாத்தி, உருளைக்கிழங்கு.

உருளைக்கிழங்கை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார் லிஸ்பெத்.

யோசிக்கவே இல்லை, கைப்பழக்கம் வாயில் வந்துவிட்டது. பொடியாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு...

பாதியில் நிறுத்தினாள். அறையில் இருந்தவர்கள் எல்லாருமே டயட்டீஷியன்கள். பொட்டாசியம் இறங்கிப்போக சிறுநீரக நோயாளிக்குத்தான் அப்படிச் சமைப்பார்கள் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

லிஸ்பெத்தின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. வீட்டில் யாருக்கு அந்தச் சாப்பாடு என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். கூட வேலை பார்க்கும் ஜெயத்துக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னாக்கா இது? அண்ணன் போயி ஒரு வருசம் ஆச்சே!"

"பழக்கம்டி" என்று சிரிக்கப் பார்த்தாள் அமுதவல்லி. சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் ஜெயம் விடாமல் பின்னாலேயே வந்தாள். "ராத்திரிக்கு எங்க வூட்டுக்கு வாக்கா, மீன் கொழம்பு வச்சிருக்கேன்."

"வூட்டுல ஆக்கி வச்சிட்டு வந்துட்டேன்டி" என்று இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டு அமுதவல்லி பஸ் ஏறினாள்.

வழியில் உப்புப் பாக்கெட் ஒன்று வாங்கினாள். வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்குக் குழம்பு வைத்தாள். தண்ணீரைக் கொட்டவில்லை. உப்பைப் போட்டாள். தட்டில் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். நாக்கு சுரீரென்று விழித்துக்கொண்டது.

அறியாமலே இடக்கையால் தட்டை எதிர்ப்பக்கம் நகர்த்தினாள்.

"இந்தாங்க, பாருங்க. உப்பு போட்டுட்டேன்" என்றாள்.

ருசி பார்க்கவாவது அந்தக் கை வந்திருக்கலாம். வரவில்லை. அவர் செத்துப்போய்விட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது. தட்டைத் தன் பக்கம் இழுத்து, அழுதுகொண்டே மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தாள். குழம்பு ருசியாகத்தான் இருந்தது.