அண்ணன் 1.0.0

என் தங்கைக்கு வீட்டில் பெயர் சுண்டெலி. சிறு வயதில் எந்தப் பெட்டியைக் கண்டாலும் உள்ளே இறங்கி உட்கார்ந்துவிடுவாள். இப்போது பார்ப்பதும் பெட்டி வேலைதான் என்று சொன்னால் முறைப்பாள்.

அவள் கம்பெனியில் எழுதும் மென்பொருள் துண்டுகளைப் பொட்டலமாகக் கட்டி, பெயரும் பதிப்பு எண்ணும் ஒட்டி, ஒரே கிடங்கில் வைப்பார்கள். அதற்கு ரெஜிஸ்ட்ரி என்று பெயர். அந்தக் கிடங்கோடு பேச ஒரு லைப்ரரி இருக்கிறது. நம் புரோகிராமில் அதைச் சேர்த்துவிட்டால், வைப்பதையும் எடுப்பதையும் நமக்காக அதுவே பார்த்துக்கொள்ளும். நான் பத்தாவது வரை படித்த லிஃப்ட் மெக்கானிக். இதைத் தப்பில்லாமல் எழுத அவளிடம் நான்கு முறை கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

அவளுக்குச் சோதனைக் காலம் மூன்று மாதம். கடைசி வாரம் ஒரு வேலை கொடுத்தார்கள். எதற்கு, என்ன தேவை என்ற குறிப்பு எழுதாமல் வைத்த பொட்டலங்களைத் தேடிப் பிடித்து, வைத்தவருக்கு ஞாபகப்படுத்தும் புரோகிராம். வெள்ளிக்கிழமை மேனேஜரிடம் காட்ட வேண்டும். சரியாக வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் வீடுதான்.

வியாழக்கிழமை அவள் கம்பெனி இருக்கும் கட்டடத்திலேயே எனக்கு வேலை. நான்காம் மாடியில் குனிந்து லிஃப்ட் கதவு ஓடும் பள்ளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து லிஃப்டுக்காக இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"அண்ணனை எறக்கிட்டியா?"

"காலையிலேயே! தேவையானவை: டீ, ரெண்டு வேளை. இல்லேன்னா இயங்காதாம்."

"தெரிஞ்ச குறை படிச்சியா? ஒரே கதையை மூணு தரம் சொல்லுமாம். நிறுத்த வழியில்லையாம்."

யார் வீட்டுப் பிள்ளையோ, பாவம் என்று நினைத்தேன்.

"வெளியே கிளம்பும்போது பூட்டை அஞ்சு தடவை இழுத்துப் பாக்குமாம்!"

என் கைத்துணி நின்றது. நான் இழுப்பது நான்கு முறைதான்.

போன் செய்தேன். படி வழியாக இறங்கி வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"தொலைஞ்சேன் அண்ணா. பரிசோதனைக்கு ஒரு பொட்டலம் வேணும்னு, அண்ணன்னு பேர் வெச்சு உன்னைப் பத்திக் குறிப்பு எழுதினேன். ஒத்திகைக்குன்னு தனியா ஒரு கிடங்கு இருக்கு, அதுக்குத்தான் அனுப்பணும். என்னென்ன பொட்டலம் இருக்குன்னு பட்டியல் கேக்கற எடத்துல அந்த முகவரியைக் கொடுத்தேன். வைக்கிற எடத்துல கொடுக்க மறந்துட்டேன். முகவரி இல்லேன்னா லைப்ரரி நேரா நிஜக் கிடங்குக்குப் போயிடும்."

"அழிச்சிடேன்."

"அழிச்சாச்சு. அதுக்குள்ள நாப்பத்தோரு பேர் எறக்கிட்டாங்க. அந்தப் பேருக்கு 1.0.0ங்கற பதிப்பு எண்ணை இனிமே யாரும் போட முடியாது."

"ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்காதே."

"வெச்சவங்க பேரு பக்கத்துலயே நிக்குது அண்ணா. மேனேஜர் கூப்பிடறதுக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லிடறேன்."

"போ. ஆனா பூட்டு நாலு தடவைதான்."

"அஞ்சு. நான் எண்ணியிருக்கேன்."

போய்விட்டாள். அதே மாடியில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் அம்மாளின் மேசை. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். என் தங்கை நின்றுகொண்டே பேசினாள். நான் துடைத்த பள்ளத்தையே மறுபடி துடைத்தேன். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வைத்த நாளிலிருந்து அது அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

கால் மணி நேரம் கழித்து இருவருமே வெளியே வந்தார்கள். மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணன்ங்கறது நீங்கதானா?"

"ஆமாங்க. பூட்டு மட்டும் நாலு தடவை."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "சோதனைக் காலத்துல இருக்கறவங்களும் நிஜக் கிடங்குல வைக்கலாம்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். அந்தக் கதவை நாங்க பூட்டிக்கறோம். முகவரி கொடுக்கலேன்னா உன் புரோகிராம் அங்கேயே நிக்கணும். நாளைக்குள்ள செய்ம்மா." பிறகு என் பக்கம் திரும்பினார். "கிடங்குல முந்நூறு பொட்டலம் இருக்கு. எதுக்கு, என்ன வேணும், என்ன குறைன்னு இவ்வளவு தெளிவா எழுதினது இது ஒண்ணுதான்."

வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரமானது. குறிப்பு எழுதாதவர்களுக்கு அவள் புரோகிராம் அனுப்பும் ஞாபகக் கடிதத்தில், எப்படி எழுத வேண்டும் என்பதற்கு மாதிரியாக என்னைப் பற்றிய குறிப்பையே சேர்த்துவிட்டார்கள். நான்கு என்று திருத்தச் சொன்னேன். ஆதாரம் கேட்டாள்.

மாலை இருவரும் ஹோட்டலுக்குக் கிளம்பினோம். நான் பூட்டினேன். அவள் பின்னால் நின்று சத்தமாக எண்ணினாள். நான்கோடு கையை எடுத்துவிட்டு, தெருமுனை வரை நிமிர்ந்து நடந்தேன்.

அங்கிருந்து திரும்பி வந்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.